மகிழ்ச்சி நரம்பு

உணவு வாசனை பட்டதும் புழுவின் தலைக்குள் ஒரேயொரு நரம்புச் செல் பச்சையாக மின்னியது. அதற்கு ‘மகிழ்ச்சி நரம்பு’ என்று பெயர் சூட்டி, மேடைக்கு மேடை மார்தட்டினார் பேராசிரியர்.

மூன்று வருடமாக நுண்ணோக்கியோடு மல்லுக்கட்டிய மாணவி, கட்டுரையில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

“புழு பிடிச்சுக் குடுத்தவங்க பேரையெல்லாம் போடணுமாம்மா?”

இன்று அவரே கூப்பிட்டார். “கட்டுரை உன் பேர்ல மட்டும் போகட்டும். எனக்கெதுக்கும்மா இந்த வயசுல புகழ்?”

காலில் விழாத குறையாக நன்றி சொல்லி, உடனே இதழுக்கு அனுப்பிவிட்டு, நல்ல சேதி சொல்ல ஆய்வக டெக்னீஷியனிடம் ஓடினாள்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “அனுப்பிட்டியா? அது சந்தோஷமே இல்லம்மா. நுண்ணோக்கியோட லேசர் சூடு தாங்காம புழு சாகறப்ப வர்ற வெளிச்சம். நேத்தே சார்கிட்ட சொன்னேனே!”