பிஸ்கட் போராளி

"தலைவர் அவர்களே, இந்த ஊரோட நலவாழ்வே ஒரு பிஸ்கட்டுலதான் தொங்கிக்கிட்டிருக்கு!"

பார்வையாளர் வரிசையிலிருந்து கிளிஃபோர்ட் எழுந்து முழங்கியதில், ஹேவன்ஸ்பி நகர மன்றத்தின் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நலவாழ்வு வாரிய உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

தலைவர் ஹில்டா அம்மையார் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இது பொதுமக்கள் கேள்வி கேக்குற நேரம். நீங்க சொற்பொழிவு ஆத்துறீங்க."

"கேள்விதாங்க. வாரியக் கூட்டத்துல பிஸ்கட் வெக்கிறதை ஏன் நிறுத்தினீங்க?"

"சர்க்கரையைக் குறைங்கன்னு ஊருக்குச் சொல்ற வாரியம், தானே உக்காந்து நொறுக்கலாமா? அதான் கேரட் வெச்சிருக்கோமே!"

அந்தக் கேரட்டின் கதையை ஊரே அறியும். முதல் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கடித்த சத்தத்தைப் புயல் எச்சரிக்கை என்று நினைத்து, மீன்பிடிப் படகுகள் கரை திரும்பினவாம். அதைவிட மோசம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் பிஸ்கட் டப்பா காலியாகும்வரை ஊர்க் கதை பேசியவர்கள், இப்போது வந்த சூட்டோடு கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருக்கும் முதியோர் மதிய உணவுக் கூடத்தின் விஷயம் மட்டும் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. குளிர்காயும் கணப்பு பழுதாகிக் கூடம் பூட்டிக்கிடக்க, அங்கே கூடிச் சாப்பிட்டவர்கள் வீட்டில் தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேரட்டைக் கடிச்சுக்கிட்டு யாரு உக்காந்து பேசுவா? குதிரைகூட எழுந்து போயிடும்!" என்றார் கிளிஃபோர்ட். "பிஸ்கட்டைத் திருப்பிக் கொண்டாங்க. நிதானமாப் பேசுங்க. பொழுது சாயுற வரைக்கும் பேசுங்க. பாவம், அந்த வயசானவங்க!"

"உங்களுக்கு எழுபத்தெட்டு ஆகுதே, ஐயா?" என்றார் வாரிய உறுப்பினரான டாக்டர் பென்ரோஸ்.

"நான் அவங்களைவிட இளைஞன். நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?"

"டாக்டரா நான் இதை எதிர்க்கணும். மனுஷனா, அந்த இஞ்சி பிஸ்கட்டை நெனச்சா கண்ணுல தண்ணி வருது."

"ஒரு விஷயம்," என்றார் ஹில்டா அம்மையார், கிளிஃபோர்டை உற்றுப் பார்த்தபடி. "உங்க பொதுநல அக்கறையைப் பாத்து எனக்குப் புல்லரிக்குது. வேற எந்தக் காரணமும் இல்லையே?"

"ஊர் நல்லா இருக்கணும். அவ்வளவுதான்!" கிளிஃபோர்ட் நெஞ்சில் கைவைத்தார்.

வாக்கெடுப்பு நடந்தது. டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கினார்; பிஸ்கட் வென்றது. அடுத்த நொடி அவருடைய மருந்துப் பைக்குள்ளிருந்தே ஒரு பிஸ்கட் டப்பா வெளிவந்தது. தேநீர் வந்தது. கோட்டுகள் மறுபடி ஆணிக்குப் போயின. மதிய உணவுக் கூடத்தின் கணப்பைப் பற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"நீங்க பேசுங்க, எனக்கு முட்டி வலி," என்று முனகிக்கொண்டே கிளிஃபோர்ட் நழுவினார்.

வாசலைத் தாண்டியதும் முட்டி வலி பறந்தது. கடற்கரைச் சாலையில் அவர் போன வேகத்தில் கடற்பறவைகள் வழிவிட்டன. ஆண்ட்ரியாஸின் மீன் கடைக் கதவைத் திறந்ததும் நெஞ்சு நிறைய வினிகர் வாசனையை இழுத்துக்கொண்டார்.

"ஆண்ட்ரியாஸ், இருக்கறதுலயே பெரிய மீனா மாவுல தோச்சுப் பொரி. உருளைக்கிழங்கு வறுவல் மலை மாதிரி வேணும். உப்புல கஞ்சத்தனம் பண்ணாதே!"

ஆண்ட்ரியாஸ் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு தட்டை முன்னால் நகர்த்தினார். அதில் ஆவியில் வெந்த சின்ன மீன் துண்டு ஒன்றும் பச்சைப் பட்டாணியும் இருந்தன.

"என்னய்யா இது? ஆஸ்பத்திரியா நடத்துறே?"

"கோவிச்சுக்காதீங்க ராசா. நலவாழ்வு வாரியத்தோட எண்ணெய் குறைக்குற திட்டத்துல எங்க கடையும் சேந்திருக்கு. இப்பத்தான் தேநீர் இடைவேளையில தலைவர் அம்மாவே போன் பண்ணாங்க."

"என்னவாம்?"

"'பிஸ்கட் வந்தாச்சு, இன்னைக்கு நான் வீட்டுக்கு வர லேட்டாகும். வெச்சிட்டு வந்த பருப்பு சூப்பைத் தொடாம, என் வீட்டுக்காரர் நேரா உங்க கடைக்குத்தான் ஓடி வருவாரு'ன்னாங்க."