பழைய அட்மின்

"எதிர்த்துப் பேசினான்னு வேலையை விட்டு அனுப்பினேன்மா. அந்த வயித்தெரிச்சல்ல வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே பூட்டுறான்," என்றார் மேனேஜர்.

பழைய அட்மினை அனுப்பிய கையோடு பாஸ்வேர்டை அவரே மாற்றியிருந்தார். அப்படியும் காலையிலிருந்து அட்மின் கணக்கு திறந்த வேகத்தில் பூட்டிக்கொள்கிறது. ஆபீஸே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சர்வீஸ் கம்பெனியிலிருந்து வந்த பெண் பூட்டை நீக்கினாள். சற்று நேரத்தில் மறுபடியும் விழுந்தது.

"பார்த்தீங்களா? இனி போலீஸ்தான். அவனுக்கு வேற எங்கேயும் வேலை கிடைக்காதபடி பண்றேன்," என்று மேனேஜர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"சார், அந்தப் போன்ல அட்மின் மெயில் பார்ப்பீங்களா?"

"பின்னே? எனக்குத் தெரியாம இங்க எதுவும் நடக்கக் கூடாது."

"அதுல பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கு. அதை வச்சு உங்க போன் விடாம உள்ள நுழையப் பார்க்குது. யாரோ திருடன்னு சிஸ்டம் பூட்டிக்குது. அணைச்சுப் பாருங்க."

அணைத்தார். அவள் திறந்த கணக்கு, திறந்தே இருந்தது.

மேனேஜர் போனை மேசையில் வைத்தார். "அட்மின் கணக்கைப் போன்ல வைக்காதீங்கன்னு தினமும் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துவான். அதுக்குத்தான் அனுப்பினேன். இப்ப திரும்பக் கூப்பிடலாம்னா, நான் பண்ணினா எடுக்க மாட்டானே."

"நான் பண்ணினா எடுப்பார் சார்."

தன் போனில் எண்ணை அழுத்தினாள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? இருங்க, உங்க மேனேஜர் ஏதோ சொல்லணுமாம்."