பாஞ்சாலி மிதித்த தீ

ஆடித் தீமிதியில் எல்லோரும் ஓடிக் கடந்த நெருப்பைப் பாஞ்சாலி மட்டும் நிதானமாக நடந்து கடந்தாள். நடுவில் ஒரு கணம் நின்றுகூடப் பார்த்தாள். சைதாப்பேட்டையில் அவள் தெருவே அவள் காலில் விழுந்தது.

“ஆத்தா உன் மேல எறங்கிட்டாம்மா” என்றாள் பக்கத்து வீட்டு அன்புக்கரசி.

வீட்டுக்குள் வந்ததும் பாஞ்சாலி காலை நீட்டி உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

“இன்னாத்துக்கு அழுவுற? ஊரே உன்னைக் கும்புடுது” என்றான் கணவன் வடிவேலு.

“கொஞ்சங்கூட சுடலய்யா.”

“அது நல்லதுதானே?”

“சக்கரையால ரெண்டு பாதமும் மரத்துப்போய் ஆறு மாசம் ஆவுது. உன்கிட்ட சொல்லல. ஊசி குத்துனாக்கூட தெரியல. நரம்பு செத்துடுச்சு, இனிமே உணர்ச்சி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆத்தா நெருப்பாவது எனுக்கு சுடணும்னு வேண்டிக்கினுதான் எறங்குனேன்.”

வடிவேலு குனிந்து அவள் உள்ளங்காலைத் தொட்டான். தோல் அவன் கையோடு வந்தது.

முந்தானையிலிருந்து முகத்தை எடுக்காமலே பாஞ்சாலி கேட்டாள்.

“எங்கய்யா போயிட்ட? பேச்சே காணோம்.”