கண்ணாடி லிஃப்டுக்குப் பிடித்த சளி

"மறுபடி உனக்கு எப்ப சளி பிடிக்கும்?"

போன திங்கட்கிழமை க்ளைவ் இப்படிக் கேட்டபோது லினெட் சிரித்தாள். இன்று சிரிக்கவில்லை. காலையில் ஈரத்தலையோடு, காலில் உறைகூட இல்லாமல், ஷெஃபீல்டின் மார்ச் மாதக் காற்றில் வேண்டுமென்றே நின்றுவிட்டு வந்திருந்தாள். ஒரு தும்மல்கூட வரவில்லை.

"வேணாங்கும்போது ஓடி வந்து ஒட்டிக்கும். வேணும்னா எட்டிக்கூடப் பாக்காது, சனியன்," என்றாள்.

இசைக்குழு என்று பெயர்தானே தவிர, இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். பாடுவதற்கு அவள், மற்ற எல்லாவற்றுக்கும் கீபோர்டோடும் தாள மிஷினோடும் க்ளைவ்.

'கண்ணாடி லிஃப்ட்' பாட்டைப் பதிவு செய்த அன்று அவளுக்கு மூக்கு இரண்டும் அடைத்திருந்தது. இழுத்துப் பாட மூச்சில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பொத்துப் பொத்தென்று கீழே போட்டாள். 'உணர்ச்சியைத் துடைத்தெறிந்த குரல், எண்பதுகளின் இயந்திரக் குரல்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. ரெக்கார்டு விற்பனைப் பட்டியலில் பாட்டு பதினாலாம் இடத்துக்கு ஏறியது, டி.வி.யிலிருந்து அழைப்பு வந்தது.

ஸ்பூன் மெருகேற்றும் பட்டறையில் லினெட் அன்றே வேலையை விட்டாள். விட்டவள் சும்மா வரக்கூடாதா? "வியாழக்கிழமை டி.வி.யைப் போட்டுப் பாருங்க, நான் யாருன்னு தெரியும்," என்று மேற்பார்வைக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தாள். இனி அந்த வாசலை மிதிக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் இசைக்காரர்கள் சங்கத்தின் விதி தெரியவந்தது. டி.வி.யில் வாயசைத்தால் போதும். ஆனால் கடையில் விற்கிற ரெக்கார்டுக்கு வாயசைக்கக் கூடாது. சங்கத்து ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து, அந்த டேப்புக்குத்தான் அசைக்க வேண்டும்.

சங்கத்திலிருந்து நிலவறை ஸ்டூடியோவுக்கு வந்து இறங்கியவர் மிஸ்டர் ஓல்ட்ராய்டு. நடன அரங்குகளில் முப்பது வருஷம் ட்ராம்போன் ஊதியவர். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மத்தவங்கல்லாம் எங்க?"

"நாங்க ரெண்டு பேருதான் சார். மீதிய இந்த மிஷினே வாசிச்சிடும்," என்றான் க்ளைவ்.

"அப்ப அதுக்கிட்டயும் சந்தா வாங்கணும்."

அவர் சிரிக்கவில்லை. அதனால் இவர்களும் சிரிக்கவில்லை.

லினெட் பாடினாள். அடைப்பில்லாத மூக்கு, தொண்டையெல்லாம் தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் நின்று பாடுவது போலிருந்தது. க்ளைவ் தலையில் கைவைத்தான்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அதுதாண்டி பிரச்சினை. விளம்பரத்துல ஈஸ்டர் சாக்லேட் முட்டை விக்கிறவ மாதிரி இருக்கு."

ஒரே ஒரு வழிதான் பாக்கி. சளிக்குரலோடு பதிவான அசல் டேப் அலமாரியில் டீ டப்பாவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. சங்கத்து ஆளைப் பப்புக்குத் தள்ளிக்கொண்டு போய், அந்த நேரத்தில் டி.வி.க்குப் போகிற பெட்டிக்குள் இருக்கும் புதுச் சுருளை மாற்றிவிட வேண்டும்.

"எதிர்லயே பப் இருக்கு சார். என் செலவு," என்றான் க்ளைவ்.

"தொடறதில்ல."

"டீயாச்சும் போடட்டுமா?" என்றாள் லினெட்.

"வயித்துக்கு ஆகாது கண்ணு."

வந்ததிலிருந்து அந்த மனிதர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தார். மீன் வறுவலைக் காட்டியாவது ஆளை எழுப்பலாம் என்று க்ளைவ் கடைக்கு ஓடினான்.

அவன் போன பிறகு ஓல்ட்ராய்டு தானாகவே எழுந்தார். "பாத்ரூம் எங்க? எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."

லினெட் பாய்ந்தாள். புதுச் சுருளை டீ டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள், அசலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவர் திரும்பி வந்தபோது நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். க்ளைவ் வந்ததும் அவனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவனோ பயத்தில் எதையும் கவனிக்கவில்லை. சரி, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, தெருமுனை போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு வியாழக்கிழமைக்குத் தெருவையே வீட்டுக்கு அழைக்கச் சொல்வதற்காக மேலே போனாள்.

மீனை வாங்க மறுத்துவிட்டு, வியர்த்து வழிந்த க்ளைவின் முகத்தை ஓல்ட்ராய்டு ஒரு தரம் பார்த்தார். மறுபடி எழுந்து பாத்ரூமுக்குப் போனார்.

லினெட் இறங்கி வந்தபோது க்ளைவின் முகத்தில் புதுக் களை.

"கவலைய விடு. மாத்திட்டேன்."

"எத?"

"டேப்பத்தான். டீ டப்பாவுக்குப் பின்னால இருந்தத எடுத்து வெச்சேன். இப்பதான், அவரு உள்ள போனதும்."

"அடப்பாவி! நான் அப்பவே மாத்திட்டேனேடா!"

"சொல்லித் தொலைக்க மாட்டியா?"

"கண்ணக் காட்டினேனே!"

"உன் கண்ணுல எப்பவும் அரைக் கிலோ மை. காட்டினா எவனுக்குத் தெரியும்?"

அப்படியென்றால் இப்போது பெட்டிக்குள் இருப்பது ஈஸ்டர் முட்டைக் குரல். வியாழக்கிழமை நாடே கேட்டுச் சிரிக்கும். பட்டறையில் ஸ்பூன்கூடச் சிரிக்கும். லினெட் திரும்பினாள். வாசலில் மிஸ்டர் ஓல்ட்ராய்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ!

பெட்டிமேல் சங்கத்தின் தாளை ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம். அவர் பேனாவைத் திறந்தார். ஒரு பெருமூச்சு விட்டு மூடினார்.

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அலமாரிக்குப் போனார். டீ டப்பாவை நகர்த்தி, பின்னாலிருந்த அசல் சுருளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார், பெட்டிக்குள் இருந்ததை அங்கே தள்ளினார். தாளை நிதானமாக ஒட்டி, கையெழுத்தும் போட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போனார்.