வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையெழுத்து

"கையெழுத்து வைக்க ஏலாது, தங்கச்சி."

மூன்றாவது தடவையாகச் சொன்னாள் புஷ்பா அக்கா. குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் மைதிலிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டோர்ட்மண்ட் வரி அலுவலகத்தின் கடிதம் புஷ்பா அக்கா வீட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. 'போன வருஷம் உங்கள் மகளைப் பார்த்துக்கொள்ள மாதம் நானூறு யூரோ செலவு என்று கணக்கில் காட்டியிருக்கிறீர்கள். ரசீது எங்கே? வங்கி வழியாகக் கொடுத்த ஆதாரம் எங்கே? வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை.'

வங்கியாவது, ஆதாரமாவது! மாதா மாதம் கவரில் பணத்தை வைத்து, சுபமாக இருக்கட்டுமென்று மேலே ஒரு யூரோ காசும் போட்டு, கல்யாண மொய் மாதிரி கையில் கொடுத்தவள் மைதிலி. அந்த ஒரு யூரோவின் அருமை ஜெர்மன்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது?

காலையில் அவள் கணவன் கோகுல் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தான். "அந்தம்மா ஒரு சைன் போட்டா போதும், மீதியை நான் பேசிக்கறேன். இல்லேன்னா பொய்க் கணக்கு குடுத்தோம்னு ஆயிடும். நம்ம சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் உள்ள கிடக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

மைதிலி தான் டைப் செய்து கொண்டுவந்த ரசீதுத் தாளை மறுபடி முன்னால் தள்ளினாள்.

"இல்லாததையா எழுதியிருக்கேன்? தீப்தியை நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க?"

"ஓம்."

"பணம் வாங்கினீங்கதானே?"

"வாங்கினனான். இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"அப்புறம் என்ன?"

"தேத்தண்ணி குடியுங்கோ, ஆறுது."

தேநீர்க் கேத்தலை இடது கையால்தான் தூக்கினாள். போன நவம்பரில் வழுக்கி விழுந்து உடைந்த வலது மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்காது. அந்தக் கை கண்ணில் பட்டாலே மைதிலியின் பார்வை ஜன்னலுக்குப் போய்விடும். இப்போதும் போனது.

'அரசாங்க உதவிப் பணம் வாங்குகிறாளோ என்னவோ! இந்தக் கையெழுத்துப் போட்டால் அதை நிறுத்திவிடுவார்கள். அதுதான் இந்த நடிப்பு!'

"நேராவே கேக்கறேன் அக்கா. கையில வாங்கினா கவர்மென்ட்டுக்குத் தெரியாதுன்னுதானே இருந்தீங்க?"

"பாங்கில போடுங்கோ எண்டு நான் எத்தினை தரம் கேட்டனான்?"

"நாம ஒரு குடும்பம் மாதிரி, நமக்குள்ள என்ன பேங்க்குன்னு சொன்னேன். ஒரு அன்புல சொன்னேன். அதுக்கு நல்ல மரியாதை பண்றீங்க!"

புஷ்பா அக்கா தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். எதிர்த்துப் பேசாதவர்களைக் கண்டால் மைதிலிக்கு வாய் இன்னும் நீளும்.

"ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறீங்க. உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கன்னா ஏலாது! நன்றின்னு ஒண்ணு வேண்டாமா? எங்க வீட்டுல எவ்வளவு பெரிய விஷயம் மாட்டிக்கிட்டு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பண்றீங்க?"

புஷ்பா அக்கா எழுந்தாள். அலமாரியிலிருந்த தடித்த கோப்பு ஒன்றை இடது கையால் சிரமப்பட்டு இழுத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு தாளை உருவி, மைதிலியின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஜெர்மன் மொழியில் நாலே வரி. தேதி போன டிசம்பர்.

'திருமதி புஷ்பா ஜேசுரட்ணம் எங்களிடம் வேலை பார்க்கவில்லை. அன்பின் பேரில் எப்போதாவது எங்கள் மகளைப் பார்த்துக்கொள்வார். அதற்காக அவர் எங்களிடம் ஒரு சென்ட்கூடப் பெற்றதில்லை.'

அடியில், கான்வென்ட் சிஸ்டர்களிடம் பரிசு வாங்கிய அழகான சாய்வெழுத்தில், மைதிலி கோகுல் என்று கையெழுத்து.

"என்ர கைக்கு நட்டஈடு குடுக்கிற விபத்துக் காப்புறுதிக்காரர் கேட்டதுக்கு நீங்கள் அனுப்பின மறுமொழி. எனக்கும் ஒரு கொப்பி வந்தது" என்றாள் புஷ்பா அக்கா. "தீப்தியைக் கிண்டர்கார்டனால கூட்டிக்கொண்டு வரேக்க விழுந்தனான் எண்டு எழுதினால், என்னைப் பதியாமல் வேலைக்கு வைச்சதுக்கு உங்களுக்குத் தண்டம் வரும். அந்தப் பயத்தில எழுதிப்போட்டியள். நான் உங்களிட்ட ஒரு கேள்வி கேட்டனானோ?"

இந்தத் தடவை மைதிலியால் ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை.

மைதிலி டைப் செய்த தாளை நாலாக மடித்து அவள் கைப்பைக்குள் தானே வைத்தாள் புஷ்பா அக்கா.

"இதில நான் கையெழுத்து வைச்சால் ரெண்டு கடதாசியும் அரசாங்கத்திட்ட இருக்கும். ஒருநாளைக்கு ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பினம். அந்தச் செலவைக் கணக்கில இருந்து எடுத்துவிடச் சொல்லி இண்டைக்கே எழுதிப்போடுங்கோ. என்ர கை போனது போனதுதான், உங்கட பாஸ்போட்டாவது வரட்டும்... இந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேற ஊத்தட்டே?"