ஆற்றைத் தாண்டும் சைக்கிள்

“சரி, ஈரமா இருக்கிற வேர் மேல ஏறினா?”

“அதுக்குத்தான் ஆண்ட்டி இந்த அகல டயர். காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா நல்லாப் பிடிச்சுக்கும்.”

“இறக்கத்துல? செம்மண்ணு, முதல் நாள் மழை பெஞ்சிருக்கு. அப்பவும் நிக்குமா?”

ரூபேந்திரன் பிரேக்கை ஒரே விரலால் அழுத்திக் காட்டினான். ஜொகூர் பாருவில் அந்த சைக்கிள் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பார்கள், கியரைக் கேட்பார்கள். வேரைப் பற்றிக் கேட்டது இந்த அம்மாள்தான்.

சந்திரமதி என்று பெயர் சொல்லியிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். லாயாங் லாயாங்கிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், துணிப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

“எந்தப் பக்கம் ஓட்டப் போறாங்க ஆண்ட்டி?”

“ரெங்கம் பக்கம். முதல்ல செம்பனைத் தோட்டத்து ரோடு, அது பாட்டுக்கு நீளமாப் போகும். அப்புறம் காடு. குறுக்க ஒரு ஆறு வரும். அதைத் தாண்டணும்.”

அந்தக் காடா? ரூபேந்திரனின் கண் தானாகக் கண்ணாடிக் கதவுக்குப் போனது. அவன் சேர்வதற்கு முன்பே யாரோ ஒட்டிய ‘காணவில்லை’ அறிவிப்பு அங்கே வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கார்த்திகேயன் என்ற பையன், அந்தக் காட்டுக்குள் சைக்கிளோடு போனவன். தீயணைப்புப் படை நாய்களோடு தேடிப் பார்த்து, மழையில் தேடிப் பார்த்து, கடைசியில் கையை விரித்துவிட்டது. படத்தில் முகம் அழிந்துவிட்டது. நீலத் தலைக்கவசம் மட்டும் மிச்சமிருந்தது.

“ஐயோ அலமாக், அந்தப் பக்கம் இப்ப யாரும் போறதில்ல லா. வேற பாதை எவ்வளவோ இருக்கு. உங்க பையன்கிட்ட எடுத்துச் சொல்லுங்க.”

சந்திரமதி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “பாதி வழியில நின்னு போகாததாக் காட்டுங்க தம்பி. போற இடத்துக்குப் போய்ச் சேரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

மகனுக்குத்தான் வாங்குகிறாள், அவன் பிடிவாதக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அதனால்தானோ என்னவோ, தன் வீட்டு ஆள் அந்தக் காட்டுக்குள் போவதைப் போல நினைத்து வண்டியைப் பொறுக்கினான். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ஒன்றைக் காட்டிவிட்டு அவனே அதைத் தள்ளி வைத்தான்.

“இது குலுக்காது, ஆனா கனம். தோட்டத்து ரோட்டுலயே கால் ஓஞ்சிடும். முன்னால மட்டும் ஸ்பிரிங் இருக்கிற இதை எடுத்துக்குங்க. ரொம்ப மலிவும் இல்ல, பந்தயக்காரங்க வாங்குறதும் இல்ல. ஆத்துல தூக்கிட்டே நடந்துடலாம்.”

சந்திரமதி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். கீழே வைக்க மனமில்லாதவள் போல நின்றாள்.

“சைஸ் பார்க்கணும் ஆண்ட்டி. ஆள் வந்திருந்தா நல்லா இருக்கும்.”

“என்னையே பாருங்க.”

கடைச் சுவரில் உயரத்துக்குக் கோடு போட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த வடுக்கள், சிலது இன்னும் ஆறவில்லை. தோட்ட வேலைக்காரி போலும்.

“ஸ்மால்தான். உங்க உயரம்தான்னா, பையன் அப்படியே அம்மா ஜாடையா?” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. “சீட்டை இறக்கலாமா?”

இறக்கினான்.

“இன்னும்.”

“இவ்வளவு கீழ வச்சா முட்டி வலிக்கும் ஆண்ட்டி. ஓட்டத் தெரிஞ்சவங்க இப்படி வைக்க மாட்டாங்க.”

“இறக்குங்க தம்பி. அப்படியே ஒரு மணியும் மாட்டிடுங்க.”

“காட்டுல யாருக்கு மணி அடிக்கப் போறாங்க? குரங்குக்கா?”

“தூரத்துல இருந்தாலும் கேக்கணும். அந்த மாதிரி ஒண்ணு.”

இருந்ததிலேயே பெரிய மணியை மாட்டினான். பணத்தைக் கொடுத்து முடித்ததும் அவள் துணிப்பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தாள். கோயிலில் வைத்து எடுத்தது, குங்குமம் ஒட்டியிருந்தது. புது வண்டி என்றால் அதுதானே வழக்கம்? ரூபேந்திரன் சைக்கிளை வாசலுக்குத் தள்ளி வந்து, இரண்டு சக்கரங்களுக்கு முன்னாலும் பழத்தை வைத்தான்.

“ஓட்டுறவங்கதான் ஏத்தி நசுக்கணும் ஆண்ட்டி. பழத்தை எடுத்துட்டுப் போங்க, பையன் ஏத்தட்டும். வண்டியை நான் லாரியில அனுப்பி வைக்கிறேன்.”

சந்திரமதி கதவருகே நின்றாள். வெளுத்த அறிவிப்பின் ஒரு மூலை பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவி, ஒட்டும் வரை அழுத்திப் பிடித்தாள். பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்வது போல.

“நடந்து போனா ஆத்தங்கரைக்கு வர்றதுக்குள்ள இருட்டிடுது,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் அங்கேயே திரும்பிடுறேன்.”

பிறகு வந்து சைக்கிளின் கைப்பிடியைப் பற்றினாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெடல் கணுக்காலில் இடித்தது, அந்த வடுக்களின் மேலேயே. விடாமல் நிமிர்த்தினாள்.

“தம்பி, எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுக்கிறீங்களா?”