அக்கா கேட்ட கேள்வி

மார்ச் 12. இன்று மாலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டேன். தவறுதான், ஆனால் அனல்மின் நிலைய விரிவாக்கக் கூட்டத்தில் அக்கா பேசுவதை எப்படித் தவறவிடுவது?

காலையில் அடுப்படியில் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு முழங்கினாள். "இப்பவே மாடியில காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல்! இன்னொரு உலை வந்தா எங்க பிள்ளைங்க எப்படிய்யா மூச்சு விடும்?"

"கரண்டி ஒடிஞ்சிடப் போகுதுடி!" என்று சிரித்த அம்மா, உடனே குரலைத் தாழ்த்தினாள். "பார்த்துப் பேசு. வாய் தவறினா வேலையும் போகும், வீடும் போகும்."

"இதுக்கு என்னடா பதில்?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. பக்கத்துத் தெருத் தையல்காரம்மா எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். நிர்வாகத்தின் சார்பில் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி மேடையில் மைக்கை வாங்கினாள்.

அக்காதான்.

"இந்தக் கேள்வி வரும்னு தெரியும்மா. காலையிலேர்ந்து நானே கேட்டுப் பார்த்துட்டேன். எங்ககிட்ட பதில் இல்ல. இந்த உலை வேண்டாம்."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் எழுந்து விசிலடித்தது. நானும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

நாளை முதல் வேலை: நிர்வாகம் அக்காவுக்குக் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வண்டி பேச வேண்டும்.